தானாக எழும் கை

முகத்தை நோக்கி ஒரு கை வீசி வரும்போது, அந்தக் கைக்கு முன்னால் ஒரு சின்னக் காற்று வரும். அடி விழுவதற்கு ஒரு கணம் முந்தியே அது கன்னத்தைத் தொட்டுவிடும். இதை நான் அடி வாங்கித் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில், சமைக்கும் குசினிக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட பால்வாளியின் மேல் நான் ஏறி நிற்பேன். எதிரே அப்பா கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக நிற்பார். ரப்பர் மரத்தில் ஒழுகும் பாலைப் பிடிக்க வைக்கிற கிண்ணத்தை நாங்கள் "மங்கு" என்போம். கைக்கு ஒன்றாக அவர் பிடித்திருக்கும் மங்குகளில் விளிம்புவரை தண்ணீர் நிறைந்திருக்கும். நான் கையை ஓங்கி, அவர் கன்னத்தைப் பார்த்து வீசுவேன். தண்ணீர் சிந்தும்.

"காத்து வருது பாப்பா. காத்து பட்ட ஒடனே கை துள்ளுது. நீ பாவம் பாக்காத, இன்னும் வேகமா வீசு" என்பார்.

தன் உடம்பு தன்னைக் காத்துக்கொள்வதை நிறுத்துவதற்கு ஒரு மனிதர் பயிற்சி எடுத்தார். அதற்கு அவருடைய ஒன்பது வயது மகள் துணையாக இருந்தாள். இந்த வாக்கியத்தை எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாலும் எனக்கு அழுகை வருவதில்லை, பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

நாங்கள் இருந்தது மலாயாவில், தம்பின் ஊரிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பா சின்னையாவும் அம்மாவும் பால்வெட்டுக்காரர்கள். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில், அவரைக் கண்டதும் தோட்டத்து ஆண்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போகவேண்டும். வலது கை நெற்றிக்குப் போகவேண்டும். "சலாங்க தொர" என்று வாய் சொல்லவேண்டும். இதை யாரும் நினைத்துப் பார்த்துச் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. துரைக்கு முன்னால் அவருடைய நாய் ஓடிவரும். நாய் குரைக்கிற சத்தம் கேட்டதுமே கைகள் நெற்றிக்குப் போய்விடும். துரை ஊருக்குப் போயிருந்த ஒருநாள் நாய் மட்டும் அவிழ்த்துக்கொண்டு ஓடிவர, மரத்தடியில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு ஒரு சலாம் வைத்துவிட்டார். அவருடைய மனைவி மாரியக்கா அதைச் சொல்லிச் சொல்லி லயம் முழுக்கச் சிரித்தார். "நாய் ஒண்ணும் சொல்லல லா. அது மரியாதை தெரிஞ்ச நாய்" என்பார்.

ஜப்பான்காரர்கள் வந்தபோது துரை ஓடிப்போனார். நாயை என்ன செய்தார் என்று தெரியாது. பெரிய கிராணி என்று நாங்கள் அழைத்த தலைமைக் கணக்கர் தோட்டத்துக்குப் பொறுப்பானார். புதிதாக வந்தவர்களுக்குச் சலாம் கூடாது. கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து இடுப்பை வளைத்துக் குனியவேண்டும். கிராணியார் அதை ஒருநாள் காலையில் அவசர அவசரமாகக் காட்டிக்கொடுத்தார். ஆயுசு முழுக்க நெற்றிக்குப் போய்ப் பழகிய கைகளுக்கு அந்த ஒரு காலை எப்படிப் போதும்?

ஓர் அதிகாரி மோட்டாரில் வந்து இறங்கினார். எல்லோரும் குனிந்தார்கள். என் அப்பாவும் குனிய நினைத்ததாகத்தான் பிறகு சொன்னார். ஆனால் பூட்ஸ் சத்தம் பக்கத்தில் கேட்டதும் அவருடைய துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது. கை மேலே எழுந்துவிட்டது. வெள்ளைக்காரனுக்கு வைக்கிற சலாத்தை ஜப்பான்காரனுக்கு வைத்துவிட்டார். அதிகாரி நேரே வந்து அறைவதற்குக் கையை வீச, பாதி வழியில் நின்ற அப்பாவின் கை அப்படியே திரும்பி முகத்தை மறைத்துக்கொண்டது. அதிகாரியின் மணிக்கட்டு அப்பாவின் முழங்கை எலும்பில் மோதியது. அவர் வலியால் கையை உதறினார். அவ்வளவுதான் நடந்தது. பார்த்தவர்கள் கண்ணுக்கு, ஒரு கூலிக்காரன் ஜப்பான் அதிகாரியின் மேல் கையை ஓங்கிவிட்டான்.

உதைத்துத் தள்ளி, வெயிலில் மண்டி போட வைத்தார்கள். கிராணியார் குனிந்து குனிந்து கெஞ்சி, அன்றைக்கு அதோடு விட்டுவிடச் செய்தார். அதை நான் மறுக்கமாட்டேன். அன்று மாலை அவரே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஏன்டா சின்னையா, கையை ஓங்கினியா நீ?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க ஐயா. கை தானா போயிருச்சு."

"தானா போச்சா? கை என்னா ஒன் மச்சானா, சொல்லாம கொள்ளாம போறதுக்கு? இன்னொரு வாட்டி போச்சுன்னு வையி, நீயும் போயிருவ, சயாமுக்கு. அப்புறம் என் கால்ல விழுந்து புண்ணியமில்ல. பொண்டாட்டி புள்ளையை அடிக்கச் சொல்லி, அசையாம நின்னு பழகுடா."

சயாம் என்றால் என்ன என்று தோட்டத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். இன்று தாய்லாந்து என்கிறார்களே, அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் யாரும் திரும்பவில்லை. ஒரு சேதியும் வரவில்லை. "முரட்டு ஆளு" என்று பெயர் எடுத்தவர்களை முதலில் அள்ளுகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அப்பாவைச் சயாமுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ள எங்கள் வீட்டில் இருந்த ஒரே வழி, அவர் அடியை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கக் கற்றுக்கொள்வதுதான்.

அப்படித்தான் அந்தப் பயிற்சி தொடங்கியது. மங்கில் தண்ணீர் பிடித்து நிற்கும் யோசனை அப்பாவுடையது. எத்தனையோ வருஷம் பால் நிறைந்த மங்கைச் சிந்தாமல் வாளியில் ஊற்றிய கை அது. மற்ற எதை மறந்தாலும் மங்கைச் சிந்தவிடக்கூடாது என்பதை மறக்காது என்று நம்பினார். முதல் நாட்களில் அவர் காலடி மண் சேறாகிவிடும். பிறகு தோள் மட்டும் துள்ளும். அதற்கும் பிறகு தோளும் அடங்கியது. மாரியக்கா மரவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டே வேலிக்கு அப்பாலிருந்து பார்ப்பார்.

"என்னாண்ணே, எங்க வீட்டு ஆளையும் அனுப்பட்டுமா? அவருக்கு நான் தெனமும் பழக்கித்தான் வச்சிருக்கேன்லா."

அப்பா சிரித்துவிட, மங்கு தளும்பும். "பாரு, சிரிச்சாலும் சிந்துது. இனிமே சிரிப்பையும் நிறுத்தணும் போல" என்பார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அப்பாவின் பின்னால் வந்து நின்று தகரத் தட்டைத் திடீரென்று கீழே போடுவார். ஈரத் துணியை முகத்துக்கு நேரே உதறுவார். செய்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பார்த்துக் கத்துவார். "மாட்டு மேல ஈ உக்காந்தா அதுகூட வாலை ஆட்டிக்கிது. அதைக் கேக்குறதுக்கு ஆளு இல்ல. இந்த மனுசன் கண்ணைக் கொட்டுனா குத்தமாம்!"

கண்தான் கடைசிவரை அடங்கவில்லை. கையும் தோளும் மரம்போல நின்றாலும், என் விரல்கள் பக்கத்தில் வந்ததும் இமைகள் மூடிக்கொள்ளும். கண்ணைக் கொட்டினால் யாரும் சயாமுக்கு அனுப்பமாட்டார்கள் என்று அம்மா சொன்னார். அப்பா கேட்கவில்லை. எதையும் அரைகுறையாகக் கற்றுக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. பொழுதுக்குப் பொழுது நின்று, கண்ணில் நீர் வடிய வடிய, அதையும் அடக்கிவிட்டார். கண்ணுக்கு நேரே நான் விரலைக் கொண்டுபோனாலும் அவர் என்னைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

இதை இங்கே நிறுத்திவிட்டு, வெகு காலம் கழித்து நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். உடம்புக்குள் நரம்பு எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. கால் மரத்துப்போகிறது என்று சிரம்பானில் ஒரு மருத்துவரைப் பார்க்கப் போனேன். இளைஞர், நம் தமிழ்ப் பிள்ளை. என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிடச் சொல்லி, ரப்பர்த் தலை வைத்த ஒரு சின்னச் சுத்தியலால் முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டினார். என் கால் விருட்டென்று முன்னால் எழும்பி அவர் சட்டையில் இடித்துவிட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மன்னிச்சிருங்க டாக்டர், வேணும்னு செய்யல" என்றேன்.

அவர் சிரித்தார். "நீங்க செய்யவே இல்லக்கா. ஒங்க கால்தான் செஞ்சிச்சு. ஒங்களுக்குச் சேதி இப்பத்தான் வந்து சேந்திருக்கும்."

அப்புறம் பொறுமையாக விளக்கினார். முழங்காலுக்குக் கீழே தட்டும்போது தொடைத் தசை சட்டென்று இழுபடுகிறது. இழுபட்ட சேதியை ஒரு நரம்பு முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கேயே இன்னொரு நரம்பு அதை வாங்கிக்கொண்டு, "உதை" என்ற கட்டளையைத் தசைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. தலைவரை போய் உத்தரவு கேட்டு வருவதற்கு நேரமில்லை. அதனால் பாதி வழியிலேயே முடிவு நடந்துவிடுகிறது. அடுப்புச் சட்டியில் கை பட்டதும் சுடுகிறது என்று தெரிவதற்கு முன்பே கையை இழுத்துக்கொள்கிறோமே, அதுவும் இதே வழிதான். கண்ணுக்கு நேரே ஏதாவது வந்தால் இமை மூடுவதும், முகத்தைக் காக்கக் கை எழுவதும் இவ்வளவு எளிமையானவை அல்லவாம். அவை தண்டுவடத்துக்கு மேலே, மூளைக்குள்ளேயே, கண் பார்த்ததைக் கைக்கும் இமைக்கும் மாற்றிவிடுகிற இடங்கள் வழியாகப் போகின்றன. ஆனாலும் நாம் யோசித்து முடிவெடுப்பதற்கு அவை முந்திக்கொள்கின்றன. தமிழில் இவற்றை அனிச்சைச் செயல் என்பார்களாம், இச்சையில்லாமல் நடப்பது.

"அடக்கவே முடியாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"சிலதை ஓரளவுக்கு அடக்கலாம். சூடா இருக்கிற டம்ளரை, விருந்தாளி முன்னால கீழ போடக்கூடாதுன்னு பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம்ல? மூளை மேலருந்து 'பொறு'ன்னு ஒரு உத்தரவு அனுப்புது. முன்கூட்டியே தெரிஞ்சா, பழகிப் பழகி, நெறைய அடக்கலாம். ஆனா எதுக்குக்கா அடக்கணும்? அது நம்மளைக் காப்பாத்துறதுக்குத்தானே இருக்கு."

எதுக்கு அடக்கணும். பஸ் ஏறி, நான் குடியிருக்கும் ராசா என்ற ஊரில் வந்து இறங்கும்வரை என் காதில் கிராணியார் குரல்தான் கேட்டது: கை என்னா ஒன் மச்சானா? ஆமாம் ஐயா, என் அப்பாவின் கை சொல்லாமல் கொள்ளாமல்தான் போனது. எந்த மனிதன் கையும் அப்படித்தான் போகும். உங்கள் கையும் போகும். அந்த அதிகாரியின் கையும் போகும். சலாம் மட்டும்தான் பழக்கம். அது பிறந்தபின் எங்கள் உடம்பில் ஏற்றப்பட்டது. முகத்தை மறைத்தது, பிறக்கும்போதே எல்லா உயிருக்கும் கொடுத்து அனுப்பியது. அதைக் குற்றம் என்றார்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். வெயில் ஏறிய நேரம். ஆட்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். நாங்கள் குழந்தைகள், வேலை நேரத்தில் எங்களை விட்டுவைக்கும் ஆயாக் கொட்டகையின் ஓரத்தில் நின்று பார்த்தோம். அதே அதிகாரிதான். இந்தமுறை அப்பாவின் கை நெற்றிக்குப் போகவில்லை. இடுப்பு ஒழுங்காக வளைந்தது. அதிகாரி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து, அப்பாவின் முன்னால் நின்றார். அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். ஒரு வார்த்தையும் பேசாமல் அறைந்தார்.

அப்பா அசையவில்லை.

அடுத்த கன்னத்தில் அறைந்தார். கைகள் தொடையிலேயே ஒட்டியிருந்தன. கொட்டகை ஓரத்தில் நின்ற எனக்கு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதுபோல நெஞ்சு விரிந்தது. அதிகாரி முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு விரல்களை விரித்து, அப்பாவின் கண்ணுக்கு நேராகச் சட்டென்று நீட்டினார். இமை கொட்டவில்லை. அவர் ஓரடி பின்னால் நகர்ந்து, அப்பாவை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, எங்கள் கொட்டகைப் பக்கத்தில் நின்ற கிராணியாரிடம் வந்து உடைந்த மலாயில் கேட்டார்: "டியா அஸ்கார்?"

இவன் சிப்பாயா? அவ்வளவு மலாய் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடித்தால் சாதாரண ஆள் பதறுவான்; பதறாமல் நிற்கிறவன் எங்கோ ராணுவப் பயிற்சி எடுத்தவன், வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆள் என்று அவர் சந்தேகப்பட்டார்.

அதற்கு ஒரு பதில் இருந்தது. "இல்லை துவான், பால்வெட்டுக்காரன். நான்தான் வீட்டில் நின்று பழகச் சொன்னேன்" என்பது அந்தப் பதில். அந்தக் களத்தில் அதைச் சொல்லக்கூடிய மலாயும் இடமும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் இருந்தன. கிராணியார் முதலில் குனிந்தார். நிமிர்ந்தார். அப்பாவைப் பார்த்தார். உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். மறுபடியும் அதிகாரியைப் பார்த்தார்.

"தாக் தாவு, துவான்" என்றார். தெரியாது, ஐயா.

அப்பாவைத் தனியாக நிற்கச் சொன்னார்கள். அப்பா நின்றிருந்தது எங்களுக்கு எட்ட, வரிசையின் கடைசியில். அதிகாரி கிராணியாரிடம் பேசியது தணிந்த குரலில். அது அப்பா காதில் விழவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் லாரியில் ஏற்றுவதற்கு நடத்திக்கொண்டு போனபோது, எங்கள் பக்கம் திரும்பி, சிவந்து தடித்த கன்னத்தோடு சிரித்தார்.

"பாத்தியா பாப்பா? அசையவே இல்ல!"

அதுதான் அவர் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு. அம்மா கிராணியார் வீட்டுக்கு ஓடினார். அவருடைய மனைவி கதவைப் பாதி திறந்து, "ஐயா சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, அப்புறமா வா" என்றார். ஜப்பான் சண்டை முடிந்து, சயாமிலிருந்து திரும்பியவர்கள் தம்பின் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோதெல்லாம் அம்மா போய் நின்றார். எலும்பும் தோலுமாக இறங்கியவர்களில் அப்பா இல்லை. அவரைப் பார்த்ததாகச் சொன்னவரும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கதை மாறியது. "சின்னையா ஜப்பான்காரன் மேலயே கையை ஓங்கிட்டான், நான் என்னா பண்றது" என்று கிராணியார் கேட்பவர்களிடமெல்லாம் சொன்னார். இரண்டு வெவ்வேறு நாட்களில் நடந்ததை ஒட்டுப்போட்டு ஒரே நாளாக்கிவிட்டார். அன்று வரிசையில் நின்றவர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். அவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. தம்பினில் ஒரு கல்யாண வீட்டில் நான் இதைப் பற்றி வாய் திறந்தபோது, பெரியவர் ஒருவர் என்னைச் சமாதானப்படுத்தினார். "அவரும் மனுசன்தானேம்மா. பயத்துல வாய் தன்னால அப்படிச் சொல்லியிருக்கும்."

அதற்கு என்ன பதில் என்று எனக்கு இன்று தெரியும். தன்னால் நடப்பது எது, தன்னால் நடக்காதது எது என்று அந்த இளம் மருத்துவர் ஒரு சுத்தியலை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிவிட்டார். தன்னால் எழுவது கை. தன்னால் மூடுவது கண். குனிந்து, நிமிர்ந்து, எதிரே நிற்பவனைப் பார்த்து, உதட்டை ஈரப்படுத்தி, பிறகு சொல்லப்படும் ஒரு பொய்க்கு எந்தத் தண்டுவடத்திலும் குறுக்கு வழி கிடையாது. அது தலைவரைக்கும் போய், உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. அவர் பயந்தார் என்பதை நான் ஒத்துக்கொள்வேன். பயம் தன்னால் வந்திருக்கும். அந்த வார்த்தை தன்னால் வரவில்லை. என் அப்பாவின் உடம்பு செய்ததைத் திமிர் என்றார்கள். இவர் மனதறிந்து செய்ததைத் தன்னால் நடந்தது என்கிறார்கள். இந்தத் தலைகீழ்க் கணக்கை நான் சாகும்வரை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப்பனை நட்டிருக்கிறார்கள். லயங்களை இடித்தாயிற்று. பிரட்டுக் களம் இருந்த இடத்தில் புல் ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. அங்கே இருந்தவர்கள் ரஹாங், ராசா, தம்பின் என்று பல ஊர்களுக்குப் பிரிந்து போய்விட்டார்கள். மாரியக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கோயில் மட்டும் நிற்கிறது. அதற்குக் குடமுழுக்கு நடத்தி ஒரு சிறப்பு மலர் போடப்போவதாக, போன மாதம் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். நல்ல பிள்ளை, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க அப்பாவைப் பத்தி அரைப் பக்கம் போடுறோம்கா. ஜப்பான்காரன் மேல கை ஓங்குன வீரர்னு. படம் இருந்தாக் குடுங்க."

"படம் இல்ல தம்பி. அவரு கையும் ஓங்கல."

"அப்படித்தானேக்கா எல்லாரும் சொல்றாங்க? பெருமைதானே?"

"அசையாம நின்னாரு. அதுக்காகத்தான் கொண்டுபோனாங்க."

தம்பி தலையைச் சொறிந்தார். "அப்படிப் போட்டா எடுப்பா இருக்காதேக்கா."

"கிராணியாரைப் பத்தியும் போடுறீங்களா?"

"முழுப் பக்கம்கா. கோயிலோட முன்னாள் தலைவராச்சே."

நாலு பேர் முன்னால் பேச வராதவள் நான். ஆனாலும் அன்று, "பேனாவை எடுத்துக்க தம்பி, நான் சொல்றதை எழுது" என்றேன். அவர் எழுதத் தொடங்கினார். முதல் வரியை எழுதினார், இரண்டாவதை எழுதினார். மூன்றாவது வரியைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டு, கமிட்டியில் கேட்டுச் சொல்வதாக எழுந்துகொண்டார். மலர் வந்துவிட்டது. கிராணியார் தலைப்பாகையோடு முழுப் பக்கத்தில் இருக்கிறார். அப்பாவின் பெயர் எங்கும் இல்லை.

அந்த மூன்று வரியையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சின்னையா, பால்வெட்டுத் தொழிலாளி. யார்மேலும் கை ஓங்கியவர் அல்லர். இவருக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடியவரின் படம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது.